மிச்சிகனிலிருந்து டாலஸ் வடபகுதிக்கு: ப்ளேனோ, ஃபிரிஸ்கோ, ஆலன், கப்பெல் பள்ளி மாவட்டங்களை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: நோவை_வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு ப்ளேனோவின் லெகசி வெஸ்ட் பகுதியிலுள்ள அலுவலகத்துக்கு மாற்றல் வந்திருப்பதால், பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் மிச்சிகன் மாநிலத்தின் நோவை நகரை விட்டு, வரும் கோடை விடுமுறையில் டெக்சஸுக்குக் குடிபெயர இருக்கிறோம். முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு, பிறகு வீடு வாங்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

எந்தப் பள்ளி மாவட்டத்தில் வீடு தேடுவது என்பதில்தான் எங்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கணவரின் அலுவலக நண்பர்கள் நான்கு பெயர்களைச் சொல்கிறார்கள்: ப்ளேனோ, ஃபிரிஸ்கோ, ஆலன், கப்பெல். ஒவ்வொருவரும் தம் பிள்ளைகள் படிக்கும் மாவட்டமே சிறந்தது என்று உறுதியாகச் சொல்வதால், கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடுகிறது. இணையத்தில் கிடைக்கும் பத்துக்கு ஒன்பது, பத்துக்கு எட்டு என்னும் மதிப்பெண்களையும் பார்த்தேன். நான்கு இடங்களிலும் அவை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன.

எங்கள் நிலையைச் சொல்லிவிடுகிறேன். மகள் இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பு செல்வாள். அல்ஜீப்ரா 1 பாடத்தை இந்த ஆண்டு முடிக்கிறாள். பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள், அதை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. மகன் அக்டோபரில் பிறந்தவன். டிசம்பர் 1க்குள் ஐந்து வயது நிறையும் குழந்தையைப் பெற்றோர் எழுதிக் கொடுத்துக் கிண்டர்கார்ட்டனில் சேர்க்க மிச்சிகனில் இடமிருப்பதால், அவன் இப்போது இங்குள்ள அரசுப் பள்ளியில் கிண்டர்கார்ட்டன் படிக்கிறான். டெக்சஸில் செப்டம்பர் 1தான் எல்லைத் தேதி என்கிறார்கள். அவனை மீண்டும் கிண்டர்கார்ட்டனிலேயே உட்கார வைப்பார்களோ என்ற கவலை இருக்கிறது. அவனுக்குப் பேச்சு சற்றுத் தாமதம் என்பதால் ஐ.இ.பி. எனப்படும் தனிப்பட்ட கல்வித் திட்டத்தின் கீழ்ப் பள்ளியிலேயே பேச்சுப் பயிற்சி அளிக்கிறார்கள். அந்தப் பயிற்சி இடையில் நின்றுபோகக் கூடாது என்பதே என் முதல் கவலை.

ஒரே வீட்டிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு பிள்ளையும் தொடக்கப் பள்ளிக்கு ஒரு பிள்ளையும் செல்லும் குடும்பம், மாவட்டங்களை எந்த அடிப்படையில் ஒப்பிட வேண்டும்? அங்கு வாழ்பவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ப்ளேனோ_கிழக்கு

வணக்கம் சகோதரி. இரண்டு பிள்ளைகளை இந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளில் படிக்க வைத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மாவட்டத்தின் பெயரை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, நீங்கள் குடியிருக்கப்போகும் முகவரி எந்தத் தொடக்கப் பள்ளிக்கும், எந்த நடுநிலைப் பள்ளிக்கும், எந்த உயர்நிலைப் பள்ளிக்கும் உரியது என்பதை ஒப்பிடுங்கள். டெக்சஸில் பள்ளி மாவட்டம் நகராட்சியிலிருந்து தனித்து இயங்கும் அமைப்பு. இரண்டின் எல்லைகளும் ஒன்றல்ல. நோவை நகருக்குள்ளேயே நார்த்வில், வால்ட் லேக், சவுத் லயன் மாவட்டங்களுக்கு உரிய பகுதிகள் இருப்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். இங்கும் அப்படித்தான். ப்ளேனோ நகரின் வடபகுதியில் சில குடியிருப்புகள் ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஃபிரிஸ்கோ நகரின் சில பகுதிகள் ப்ராஸ்பர், லூயிஸ்வில், லிட்டில் எல்ம் மாவட்டங்களுக்குப் போகின்றன. எர்விங் நகரின் வேலி ராஞ்ச் பகுதியில் ஒரு தெரு கப்பெல் மாவட்டத்திலும், சற்றுத் தள்ளியுள்ள தெரு கரால்டன்–ஃபார்மர்ஸ் பிராஞ்ச் மாவட்டத்திலும் இருக்கும். ஆகவே வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பி லீஸில் கையெழுத்திட வேண்டாம். ஒவ்வொரு மாவட்டத்தின் இணையதளத்திலும் முகவரியை இட்டுப் பள்ளியைக் கண்டறியும் வசதி இருக்கிறது; அதில் பார்த்துவிட்டு, மாவட்ட அலுவலகத்தையும் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை நான்கு மாவட்டங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு மதிப்பெண்ணில் இல்லை, உயர்நிலைப் பள்ளியின் அமைப்பில் இருக்கிறது. ப்ளேனோவில் ஒன்பது, பத்து வகுப்புகள் ஒரு பள்ளியிலும், பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகள் சீனியர் ஹை எனப்படும் வேறொரு பள்ளியிலும் நடக்கின்றன. ஜாஸ்பர், ஷெப்டன் பள்ளிகளிலிருந்து ப்ளேனோ வெஸ்ட்டுக்கும், கிளார்க், வைன்ஸ் பள்ளிகளிலிருந்து ப்ளேனோ சீனியர் ஹைக்கும், மெக்மில்லன், வில்லியம்ஸ் பள்ளிகளிலிருந்து ப்ளேனோ ஈஸ்ட்டுக்கும் மாணவர்கள் செல்வார்கள். ப்ளேனோ ஈஸ்ட்டில் ஐ.பி. எனப்படும் சர்வதேசப் பாடத்திட்டமும் இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைக்கு இந்த அமைப்பில் ஒரு நன்மை உண்டு: பல நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வந்து சேரும் மாணவர்கள் நடுவே அவளும் ஒருத்தியாகக் கலந்துவிடுவாள். இரண்டே ஆண்டுகளில் மீண்டும் பள்ளி மாற வேண்டியிருப்பது அதன் மறுபக்கம்.

ஆலனில் மாவட்டம் முழுவதற்கும் ஒரே உயர்நிலைப் பள்ளிதான். ஒன்பதாம் வகுப்புக்கு லோவரி என்னும் தனி வளாகம். அதன்பின் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கொண்ட பெரும்பள்ளி. 2012இல் சுமார் 60 மில்லியன் டாலர் செலவில், பதினெட்டாயிரம் பேர் அமரும் கால்பந்து அரங்கைக் கட்டிய மாவட்டம் அது. அந்தப் பள்ளியின் பேண்டு நாட்டிலேயே மிகப் பெரிய உயர்நிலைப் பள்ளி பேண்டுகளில் ஒன்று. ஃபிரிஸ்கோவின் கொள்கை இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியையும் ஏறத்தாழ இரண்டாயிரம் மாணவர்கள் என்ற அளவில் வைத்துக்கொண்டு, மக்கள்தொகை பெருகப் பெருகப் புதிய பள்ளிகளைத் திறந்துவந்தார்கள். இப்போது பன்னிரண்டு உயர்நிலைப் பள்ளிகள் உள்ளன. பேண்டில் இடம், நாடகத்தில் வேடம், விளையாட்டு அணியில் வாய்ப்பு ஆகியவை சிறிய பள்ளியில் எளிதாகக் கிடைக்கும் என்பது அவர்களின் வாதம், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் புதிய பள்ளி திறக்கும்போதெல்லாம் எல்லைகளை மாற்றி வரைய நேர்ந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கப்பெல் அளவில் சிறிய மாவட்டம். ஒன்பதாம் வகுப்புக்குத் தனி வளாகமும், அதன்பின் கப்பெல் உயர்நிலைப் பள்ளியும், விரும்புவோர்க்குச் செயல்திட்ட வழிக் கல்வி தரும் நியூ டெக் பள்ளியும் அங்கு உண்டு. லெகசி வெஸ்டுக்கு 121 சுங்கச்சாலையில்தான் வந்துபோக வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் இப்போதே கருத்தில் கொள்ளுங்கள். 1997இல் இயற்றப்பட்ட டெக்சஸ் சட்டத்தின்படி, உயர்நிலைப் பள்ளி வகுப்பில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வரும் மாணவர்களுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் கிடைக்கும். ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அங்கு 2026 சேர்க்கையிலிருந்து முதல் ஐந்து விழுக்காட்டினருக்கே தானியங்கிச் சேர்க்கை. அந்த இடமும் பல்கலைக்கழகத்தில் இடமே தவிர, கணினி அறிவியல் போன்ற விரும்பிய துறையில் இடம் அன்று. 500 பேர் படிக்கும் வகுப்பில் ஐந்து விழுக்காடு என்றால் 25 பேர். அந்த 25 பேருக்குள் வருவது, கல்வியே கதி என்றிருக்கும் குடும்பங்கள் செறிந்து வாழும் பள்ளி எல்லையில் மிகக் கடினம். "மிகச் சிறந்த" பள்ளியைத் தேடி வரும் பெற்றோர் பலர் இதைப் பதினொன்றாம் வகுப்பில்தான் அறிகிறார்கள். நடுநிலைப் பள்ளியிலேயே படித்த அல்ஜீப்ரா 1 போன்ற பாடங்கள் ஜிபிஏ கணக்கில் சேருமா, மேம்பட்ட பாடங்களுக்கு எவ்வளவு கூடுதல் மதிப்பு என்பவையெல்லாம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுபடும். அல்ஜீப்ரா 1 உயர்நிலைப் பள்ளி கிரெடிட்டாகப் பதிவாகியுள்ள அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்டை நோவையிலிருந்து கட்டாயம் வாங்கி வாருங்கள். அந்த கிரெடிட் ஏற்கப்பட்டால், டெக்சஸில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்க அந்தப் பாடத்துக்கு மாநில இறுதித் தேர்வையும் எழுத வேண்டியிருக்குமா என்பதைக் கவுன்சிலரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பேண்டு இங்கே பெரிய உலகம். ஆகஸ்டின் தொடக்கத்திலேயே, பள்ளி திறப்பதற்கு முன்பே, அணிவகுப்புப் பயிற்சி ஆரம்பமாகிவிடும். எந்தக் குழுவில் இடம் என்பதற்கான தேர்வுகளை வசந்த காலத்திலேயே நடத்திவிடுவார்கள். பள்ளி முடிவானதும் பேண்டு ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வெளிமாநிலத்திலிருந்து வருபவர்களிடம் ஒலிப்பதிவைப் பெற்றுக்கொண்டு முடிவு செய்வது வழக்கத்தில் உள்ளதுதான். அணிவகுப்பு பேண்டில் இருந்தால் உடற்கல்வி கிரெடிட்டுக்கு ஈடாக அதைக் கொள்ளலாம். எழுபதுக்குக் கீழே மதிப்பெண் போனால் நிகழ்ச்சிகளில் பங்கேற்க முடியாது என்ற மாநில விதியும் இருக்கிறது. அதை மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மறுமொழி: தரவுநோக்கர்

மேலே நண்பர் எழுதியவற்றோடு உடன்படுகிறேன். மதிப்பெண்களைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் பெரும்பாலான குடும்பங்கள் அதை வைத்தே இலட்சக்கணக்கான டாலர் முடிவை எடுக்கின்றன.

இணையதளங்கள் தரும் பத்துக்கு ஒன்பது போன்ற எண்களில் பெரும்பங்கு தேர்வு முடிவுகளிலிருந்து வருவது. ஒரு பள்ளியின் சராசரித் தேர்வு மதிப்பெண், அங்கு பயிலும் பிள்ளைகளின் வீட்டு வருமானத்தோடும் பெற்றோரின் கல்வியோடும் மிக நெருக்கமாகப் பிணைந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாடு முழுவதுமுள்ள மாவட்டங்களின் தேர்வுத் தரவுகளைத் திரட்டி வெளியிட்டுள்ளார்கள். சராசரி மதிப்பெண் குடும்ப வசதியோடு வலுவாகப் பொருந்திப் போகிறது. ஓர் ஆண்டில் மாணவர்கள் எவ்வளவு கற்று வளர்கிறார்கள் என்னும் அளவோ வசதியோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. அதாவது, ஆசிரியர்கள் சிறப்பாகக் கற்பிக்கும் பள்ளி ஆறு மதிப்பெண் பெற்ற பள்ளியாகவும் இருக்கலாம். நீங்கள் பார்த்த நான்கு மாவட்டங்களின் எண்களும் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம், அவற்றில் வாழும் குடும்பங்கள் ஒன்றுபோல் இருப்பதே. உங்கள் பிள்ளையின் வகுப்பறையைப் பற்றி அந்த எண் மிகக் குறைவாகவே சொல்கிறது.

டெக்சஸ் கல்வி முகமை தன் பங்குக்கு ஒவ்வொரு பள்ளிக்கும் 'ஏ' முதல் 'எஃப்' வரை தரம் தருகிறது. அந்த ஓர் எழுத்தோடு நின்றுவிடாதீர்கள். மாணவர் அடைவு, பள்ளி முன்னேற்றம், இடைவெளி குறைத்தல் என்னும் மூன்று பிரிவுகளைக் கொண்டு அந்தத் தரத்தைக் கணக்கிடுகிறார்கள். முதல் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 விழுக்காடும், மூன்றாவதற்கு 30 விழுக்காடும் கொடுக்கப்படுகிறது. வசதியான குடும்பங்கள் நிறைந்த பள்ளி, அடைவு ஒன்றைக் கொண்டே 'ஏ' வாங்கிவிட முடியும் என்பது இதன் பொருள். ஆகவே 'பள்ளி முன்னேற்றம்' என்னும் பிரிவைத் திறந்து பாருங்கள். அதில் ஒரு பகுதி, மாணவர்கள் முந்தைய ஆண்டைவிட எவ்வளவு வளர்ந்தார்கள் என்பதையும், இன்னொரு பகுதி, வருமானம் குறைந்த மாணவர் விகிதம் ஒத்திருக்கும் மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளி எங்கே நிற்கிறது என்பதையும் காட்டும். நான் ஒரு பள்ளியை எடைபோட முதலில் பார்ப்பது இந்த இரண்டாம் பகுதியைத்தான்.

எந்த ஆண்டின் தரம் என்பதையும் கவனியுங்கள். பெருந்தொற்றின்போது தரம் அறிவிப்பது நிறுத்தப்பட்டது. 2023ஆம் ஆண்டுக்கான தரங்கள் மாவட்டங்கள் தொடுத்த வழக்கால் தடைபட்டு 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தன. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளின் தரங்களும் 2025 ஆகஸ்டில் ஒன்றாக வந்தன. கணக்கிடும் முறையும் இடையில் கடுமையாக்கப்பட்டதால், 2022இல் 'ஏ' வாங்கிய பள்ளி பின்னர் 'பி' வாங்கியிருந்தால் அது தாழ்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஸ்டார் என்னும் மாநிலத் தேர்வுக்குப் பதிலாக 2027–28 கல்வியாண்டிலிருந்து வேறு தேர்வுமுறை வர இருக்கிறது. உங்கள் மகன் மூன்றாம் வகுப்புக்கு வரும்போது இன்றைய எண்கள் பழங்கதையாகியிருக்கும்.

இவற்றைவிடப் பயனுள்ள ஓர் ஆவணம் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் கல்வி முகமை ஆண்டுதோறும் வெளியிடும் செயல்பாட்டு அறிக்கை அது. ஆசிரியர்களில் எத்தனை பேர் புதியவர்கள், எத்தனை பேர் பத்தாண்டுகளுக்கு மேல் அனுபவம் உள்ளவர்கள், மாவட்டத்தை விட்டு ஆண்டுதோறும் எத்தனை விழுக்காடு ஆசிரியர்கள் விலகுகிறார்கள், ஒரு வகுப்பில் சராசரியாக எத்தனை பிள்ளைகள், ஆண்டின் நடுவில் எத்தனை மாணவர்கள் வந்துபோகிறார்கள் என்பவை அதில் இருக்கும். கிண்டர்கார்ட்டன் முதல் நான்காம் வகுப்பு வரை வகுப்புக்கு 22 பிள்ளைகள் என்பது மாநில விதி. ஆனால் விலக்குப் பெற்று அதை மீறும் பள்ளிகளும் உண்டு. நான்கு மாவட்டங்களையும் ஒப்பிட நினைத்தால், அவற்றின் ஆசிரியர் விலகல் விகிதத்தை அருகருகே எழுதிப் பாருங்கள்.

நோவை_வாசகி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் இதுவரை பார்த்துக்கொண்டிருந்த எண்கள் எதைக் காட்டுகின்றன என்பது இப்போதுதான் தெளிவாகிறது. மகளைப் பொறுத்தவரை, எங்களுக்கு ப்ளேனோவும் ஃபிரிஸ்கோவும்தான் பொருந்தும் என்று தோன்றுகிறது.

மகனைப் பற்றிய கேள்விகளுக்கும் யாராவது வழிகாட்ட முடியுமா? வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று சேர்க்கைப் படிவத்தில் கேட்பார்கள் என்றும், தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்றும், அதனால் ஆங்கிலம் என்றே எழுதிவிடுமாறும் ஒருவர் கூறினார். பேச்சுப் பயிற்சி பெறும் குழந்தை என்பதால் இது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

மறுமொழி: வகுப்பறை_உதவியாளர்

வணக்கம் அம்மா. டாலஸ் பகுதிப் பள்ளியொன்றில் சிறப்புக் கல்விப் பிரிவில் உதவியாளராகப் பணியாற்றுகிறேன். உங்கள் மூன்று கவலைகளுக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலாவது, வகுப்பு. டெக்சஸில் முதல் வகுப்பில் சேர செப்டம்பர் 1 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் வேறொரு மாநிலத்தின் அரசுப் பள்ளியில் கிண்டர்கார்ட்டனை முடித்துவிட்டு வரும் குழந்தைக்கு அந்த வயது விதி தடையாகாது. "முடித்தான்" என்பதற்குச் சான்றாக ஆண்டிறுதி மதிப்பெண் அறிக்கையை நோவை பள்ளியிலிருந்து கையோடு வாங்கி வாருங்கள். ஆண்டு முடிவதற்கு முன்பே அவனை அங்கிருந்து அழைத்து வந்துவிட வேண்டாம். இதனோடு ஒரு தாயாக ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. பேச்சில் பின்தங்கியிருக்கும் பிள்ளை, வகுப்பிலேயே வயதில் இளையவனாகவும் இருப்பது அவனுக்குச் சுமையா என்பதை அங்குள்ள ஆசிரியரிடம் மனம் திறந்து கேளுங்கள். சட்டம் இடம் கொடுக்கிறது என்பதாலேயே முதல் வகுப்புக்கு அனுப்பியாக வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது, பேச்சுப் பயிற்சி. கூட்டரசுச் சட்டப்படி, நடப்பிலுள்ள ஐ.இ.பி.யோடு மாநிலம் மாறி வரும் குழந்தைக்கு, புதிய மாவட்டம் அதற்கு ஈடான சேவையை உடனே தொடங்க வேண்டும். தேவையென்று கருதினால் தானே மதிப்பீடு செய்து புதிய திட்டத்தை அது வகுக்கலாம். அதுவரை சேவையை நிறுத்தி வைக்க முடியாது. இங்கே அந்த முடிவுகளை எடுக்கும் குழுவை ஏ.ஆர்.டி. குழு என்பார்கள், பெற்றோரும் அதில் உறுப்பினர். டெக்சஸில் இந்த விஷயத்துக்கு ஒரு வருத்தமான வரலாறு உண்டு. 2004 முதல், சிறப்புக் கல்வி பெறும் மாணவர் விகிதத்துக்கு 8.5 விழுக்காடு என்றொரு அளவுகோலை மாநிலம் வைத்திருந்தது. மாவட்டங்கள் அதைத் தாண்டாதிருக்க முனைந்ததில் உதவி தேவைப்பட்ட பிள்ளைகள் பலர் ஒதுக்கப்பட்டார்கள். 2016இல் நாளிதழ் ஒன்றின் புலனாய்வு இதை வெளிக்கொணர்ந்தது. 2017இல் சட்டமன்றம் அத்தகைய வரம்புகளைத் தடைசெய்தது. 2018இல் கூட்டரசுக் கல்வித் துறையும் மாநிலம் சட்டத்தை மீறியதாக அறிவித்தது. இன்று நிலைமை மாறிவிட்டது, விகிதமும் நன்கு உயர்ந்திருக்கிறது. ஆனாலும் பேச்சுப் பயிற்சியாளர்களுக்குத் தட்டுப்பாடு உள்ளது. எனவே பள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், பயிற்சியாளர் அந்தப் பள்ளியில் முழுநேரமாக இருக்கிறாரா, பல பள்ளிகளுக்கிடையே பகிர்ந்துகொள்ளப்படுகிறாரா, ஒரு குழுவில் எத்தனை பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் பயிற்சி தருகிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். ஒரே மாவட்டத்திற்குள்ளேயே இதற்கான விடைகள் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும்.

மூன்றாவது, வீட்டுமொழிப் படிவம். உண்மையை எழுதுங்கள். ஆங்கிலம் அல்லாத மொழி என்று எழுதினால், குழந்தையின் ஆங்கிலத் திறனை ஒரு தேர்வின் மூலம் பார்ப்பார்கள். அதில் தேர்ச்சி பெற்றால் அதோடு முடிந்தது. பெறாவிட்டால் வளரும் இருமொழியாளர் என்று வகைப்படுத்தி, ஆங்கிலத்தில் கூடுதல் உதவி தருவார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இது வழக்கமான வகுப்பறையில், அதற்கெனச் சான்றிதழ் பெற்ற ஆசிரியர் வழியாகவே நடக்கிறது. அந்த உதவி வேண்டாமென்று மறுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. அப்படி மறுத்தாலும், டெல்பாஸ் என்னும் ஆண்டுத் தேர்வைத் திறன் எட்டப்படும்வரை எழுத வேண்டியிருக்கும். மிச்சிகனில் எழுதிய வைடா என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் முடிவு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், இங்கே தேர்வுமுறை வேறு என்றாலும் ஆசிரியருக்குப் பயன்படும்.

உங்கள் மகனுக்கு உண்மையை எழுதுவது இரட்டிப்பு முக்கியம் என்பேன். பேச்சு மதிப்பீடு செய்பவருக்கு, அவன் ஒரு சொல்லைத் தடுமாறுவது பேச்சுத் தாமதத்தாலா, இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்வதாலா என்று பிரித்தறிய வேண்டியிருக்கும். வீட்டில் தமிழ் பேசுவதை மறைத்துவிட்டால் அந்த மதிப்பீடே பிழையாகிவிடும். இயன்றவரை குழந்தையின் தாய்மொழியிலேயே மதிப்பீடு செய்ய வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று எழுத்துமூலம் கேளுங்கள்.

மறுமொழி: வரிக்கணக்கு_அண்ணன்

பள்ளிகளைப் பற்றி எல்லோரும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். வீடு வாங்கும் ஆண்டுக்கான சில செய்திகளை மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் இங்கே பள்ளி மாவட்டமும் வீட்டு வரியும் பிரிக்க முடியாதவை.

மிச்சிகனில் 1994இல் மக்கள் வாக்களித்துப் பள்ளிச் செலவின் பெரும்பகுதியை வீட்டு வரியிலிருந்து மாநில வரிகளுக்கு மாற்றினார்கள். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. நீங்கள் அங்கே கட்டிவரும் 4.25 விழுக்காடு மிச்சமாகும். அதற்குப் பதிலாக வீட்டு வரி அதிகம், அதிலும் பள்ளி மாவட்டத்தின் பங்கே பெரும்பாலும் எல்லாவற்றிலும் பெரியது. சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பள்ளி வரியில் 1,40,000 டாலர் மதிப்புக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு உண்டு. 2025 நவம்பர் வாக்கெடுப்பில் அதை ஒரு இலட்சத்திலிருந்து உயர்த்தினார்கள். வீட்டு விளம்பரத்தில் காட்டும் பழைய வரித் தொகையைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். முந்தைய உரிமையாளருக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என்ற மதிப்பு உயர்வு வரம்பும், அறுபத்தைந்து வயதைக் கடந்தவரென்றால் பள்ளி வரி உறைநிலையும் இருந்திருக்கும். வீடு கைமாறியதும் அவை நீங்கிவிடும். ப்ராஸ்பர், செலினா, லிட்டில் எல்ம் பக்கம் எழும்பும் புதிய குடியிருப்புகள் பலவற்றில் குடிநீர், சாலைக் கட்டமைப்புக்கென்று தனி வரியும் சேரும்.

நீங்கள் அதிக வரி கட்டினால் அந்தப் பணமெல்லாம் உங்கள் பள்ளிக்கே போகும் என்றும் எண்ண வேண்டாம். சொத்து மதிப்பு மிகுந்த மாவட்டங்கள் தம் வரியில் ஒரு பகுதியை மாநிலத்துக்குத் திருப்பிச் செலுத்தும் முறை 1993 முதல் நடைமுறையில் இருக்கிறது. நெடுங்காலமாகப் பெருந்தொகை செலுத்திவரும் மாவட்டங்களில் ப்ளேனோவும் ஒன்று. அதனோடு பிறப்பு விகிதம் குறைந்ததும், இளம் குடும்பங்களுக்கு எட்டாத அளவுக்கு வீட்டு விலை ஏறியதும் சேர்ந்து, பழைய மாவட்டங்களில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டன. 2024இல் ப்ளேனோ நான்கு பள்ளிகளை மூடத் தீர்மானித்தது. கப்பெலும் அதே ஆண்டு ஒரு தொடக்கப் பள்ளியை மூட முடிவெடுத்தது. வடக்கே ப்ராஸ்பர், செலினா பக்கம் இதற்கு மாறாகப் பள்ளி கட்டிக் கட்டி மாளவில்லை. மூடுவதானாலும் திறப்பதானாலும் எல்லை மாறும். ஆகவே வாங்க நினைக்கும் வீட்டுக்குரிய பள்ளியில் இப்போது எத்தனை மாணவர்கள், கட்டடத்தின் கொள்ளளவு எவ்வளவு என்று மாவட்டத்தின் மக்கள்தொகை அறிக்கையில் பாருங்கள். பாதி காலியாக இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு எதிரே வீடு வாங்குவது, "நடந்தே பள்ளிக்குப் போகலாம்" என்னும் ஆசைக்கு உறுதியான அடித்தளம் அன்று.

முதலில் வாடகைக்கு இருப்பது என்ற உங்கள் முடிவு மிகச் சரியானது. ஆனால் மகளுக்காகச் சொல்கிறேன்: எந்த உயர்நிலைப் பள்ளி எல்லையில் வாடகைக்கு எடுக்கிறீர்களோ, அதே எல்லைக்குள் பின்னர் வீடு வாங்க முடியுமா என்று விலையை இப்போதே பார்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்பில் அவள் நண்பர்களையும் பேண்டையும் விட்டு வேறு பள்ளிக்குப் போக நேரிடக் கூடாது.

நோவை_வாசகி

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. வீட்டுமொழிப் படிவத்தில் தமிழ் என்றே எழுதுவோம். வசந்த விடுமுறையில் நேரில் வந்து, ப்ளேனோவில் இரண்டு பள்ளி எல்லைகளையும் ஃபிரிஸ்கோவில் ஒன்றையும் பார்க்க இருக்கிறோம். கடைசியாக ஒரு கேள்வி: அபார்ட்மென்ட் லீஸ் ஜூலையில்தான் தொடங்கும் என்றால், அதற்கு முன் பள்ளியில் பதிவு செய்ய முடியுமா?

மறுமொழி: ப்ளேனோ_கிழக்கு

கையெழுத்தான லீஸ் கையில் இருந்தால், குடிபுகும் முன்பே இணையவழிப் பதிவைத் தொடங்க முடியுமா என்று மாவட்டப் பதிவு அலுவலகத்தைக் கேளுங்கள். குடிபுகுந்தபின் மின்சாரக் கட்டண ரசீதைக் காட்டச் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, மகனின் ஐ.இ.பி., மகளின் டிரான்ஸ்கிரிப்ட் ஆகியவற்றின் நகல்களைச் சாமான் லாரியில் ஏற்றாமல் கையிலேயே வைத்திருங்கள். கோடையில் பள்ளி அலுவலகங்கள் சில வாரங்கள் மூடியிருக்கும். மகளின் பாடத் தேர்வுக்காகக் கவுன்சிலரைச் சந்திப்பதானால் மே மாத இறுதிக்குள் நேரம் கேட்டுவிடுங்கள். வீடு பார்க்கும்போது பள்ளிக்கு உள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு மைலுக்குள் இருந்தால், வழி ஆபத்தானது என்று மாவட்டம் அறிவித்திருந்தாலன்றிப் பெரும்பாலும் பள்ளிப் பேருந்து வராது. கணவரும் நீங்களும் வேலைக்குப் போகும் வீட்டில் அதுவும் ஒரு முக்கியமான கணக்கு.